ஒவ்வாமையை அளந்த கருவி

விருந்துப் பந்தியில் இறால் பரிமாற வரும்போது ஒருவர் இலைக்கு மேல் கையை மறித்து, "இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்கிறார். பக்கத்து இலைக்காரர் அதே சட்டியிலிருந்து இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார். அந்தச் சிறு வாக்கியத்தில் கவனிக்க வேண்டிய சொல் 'எனக்கு'. இறால் கெட்டுப்போனது என்று அவர் சொல்லவில்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்றும் சொல்லவில்லை. இரண்டும் தனித்தனியே நன்றாகத்தான் இருக்கின்றன, சேர்ந்தால்தான் கேடு என்கிறார். மருத்துவத் தமிழில் நாம் எழுதும் 'ஒவ்வாமை' என்ற சொல்லும் இதே பொருளைத்தான் தாங்கி நிற்கிறது. பேச்சுவழக்கில் இவ்வளவு எளிதாகப் புழங்கும் இந்த உண்மையை மேற்கத்திய மருத்துவம் ஆய்வின் வழியே நிறுவ ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 1819இல் லண்டனில் தொடங்கி 1960களின் இறுதியில் டென்வரிலும் உப்சலாவிலும் முடிந்த அந்தப் பயணத்தின் முக்கியமான அடிகள் பலவற்றை எடுத்து வைத்தவர்கள், அந்தத் தும்மலையும் தடிப்பையும் இளைப்பையும் தாங்களே அனுபவித்தவர்கள். தங்கள் மூக்கையும் கண்ணையும் தோலையும் ஆய்வுக் கருவியாக்கியவர்கள். இதை வெறும் துணிச்சல் கதையாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். இந்த நோயின் இயல்பைப் பார்த்தால், அவர்களுக்கு வேறு கருவி இருக்கவில்லை என்பது தெரியும். அதிலிருந்து இன்றைய மருத்துவம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரும் வலிமை பிணக்கூறாய்வு. நோயாளி இறந்தபின் உடலைத் திறந்து, கெட்டுப்போன உறுப்பைக் கண்டு, நோயின் இருப்பிடத்தைச் சொல்லும் முறை அது. நூற்றாண்டின் பிற்பகுதியில் கிருமிக் கோட்பாடு வந்தது. நோயாளியின் உடலில் கிருமியைக் கண்டு, பிரித்து வளர்த்து, விலங்குக்குச் செலுத்தி, அதே நோய் வருகிறதா என்று பார்க்கும் முறை. ஒவ்வாமை இந்த இரண்டு வலைகளிலும் சிக்காத மீன். கோடையில் தும்மி அவதிப்படுபவர் அதனால் இறப்பதில்லை. பருவம் முடிந்ததும் அவருடைய மூக்கிலும் மார்பிலும் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதுமில்லை. நோயைத் தூண்டும் பொருளோ ஊர் முழுவதும் எல்லோருடைய மூக்கிலும் போய் வருகிறது. பத்துப் பேர் ஒரே வயலோரம் நிற்க, ஒருவருக்கு மட்டும் கண் வீங்குகிறது என்றால் காரணத்தை வயலில் தேடுவதா, அந்த ஒருவரிடம் தேடுவதா?

ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர். 1819 மார்ச் 16ஆம் நாள் லண்டனில் மருத்துவர்களின் சங்கம் ஒன்றில் அவர் ஒரு நோயாளியின் வரலாற்றை வாசித்தார். ஆண்டுதோறும் ஜூன் மாதவாக்கில் இமைகள் சிவந்து அரிக்கின்றன, அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது, மார்பு இறுகி மூச்சு திணறுகிறது, சில வாரங்களில் எல்லாம் தானே அடங்கிவிடுகிறது. நோயாளியின் பெயர் ஜே.பி., வயது 46. அந்த ஜே.பி. பாஸ்டாக்கேதான். சிறுவயதிலிருந்தே இந்த அவதி அவருக்கு உண்டு. இரத்தம் வடித்தல், பேதி மருந்து, அபின், குளிர்நீர்க் குளியல் என்று அக்கால மருத்துவத்தின் பெட்டியில் இருந்ததையெல்லாம் தன்மேல் பிரயோகித்துப் பார்த்திருந்தார். தன்னைப் போன்ற மற்றவர்களைத் தேடி ஒன்பது ஆண்டுகள் அலைந்து, 1828இல் 28 பேரைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதினார். அதற்குள் மக்கள் இந்த நோய்க்கு 'வைக்கோல் காய்ச்சல்' என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார்கள். காய்ந்த புல்லின் வாடையால் வருகிறது என்று நம்பினார்கள். பாஸ்டாக் அதை ஏற்கவில்லை. கோடையின் வெப்பமும் வெளிச்சமுமே காரணம் என்பது அவர் முடிவு.

இங்கேயே முதல் மறுப்பு எழுகிறது. நாற்பது ஆண்டுகள் தன் உடலையே உற்றுப் பார்த்தவர் காரணத்தைத் தவறாகச் சொல்லிவிட்டாரே, பிறகு சொந்த உடலின் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு? கேள்வி நியாயமானது. ஆனால் பாஸ்டாக் செய்ததையும் செய்யாததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர் தன் உடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதனிடம் கேள்வி கேட்கவில்லை. கோடையும் வெயிலும் புல்லின் பூப்பும் ஒன்றாகவே வருகின்றன. மூன்றும் சேர்ந்து வரும்போது எது குற்றவாளி என்பதை வெறும் கவனிப்பால் பிரித்தறிய முடியாது. மூன்றையும் தனித்தனியே நிறுத்தி உடலை விசாரிக்க வேண்டும். அதைச் செய்ய இன்னும் அரை நூற்றாண்டு கழித்து, அதே நோயுள்ள இன்னொரு மருத்துவர் தேவைப்பட்டார்.

மான்செஸ்டரில் ஹோமியோபதி மருத்துவராக இருந்த சார்ல்ஸ் பிளாக்லி 1859இல் தொடங்கிய சோதனைகளை 1873இல் நூலாக்கினார். அந்த நூலின் முறை இன்று படித்தாலும் வியக்க வைப்பது. வெப்பம், வெளிச்சம், ஓசோன், வாசனைப் பொருள்கள், தூசி என்று சந்தேகத்துக்குரிய ஒவ்வொன்றையும் தனித்தனியே தன்மேல் சோதித்து விலக்கினார். எஞ்சியது மகரந்தம். பலவகைப் புற்களின் மகரந்தத்தைச் சேகரித்து வைத்துக்கொண்டு, அவை காற்றில் இல்லாத காலத்தில் மூக்கில் இட்டார், கண்ணில் இட்டார். தோலை லான்செட் கத்தியால் மெல்லக் கீறி, ஈரப்படுத்திய மகரந்தத்தை வைத்துக் கட்டினார். சில நிமிடங்களில் அரிப்பு தொடங்கி, தோல் தடித்து எழுந்தது. மகரந்தம் வைக்காமல் கீறிய இடம் அப்படியே இருந்தது. இன்று ஒவ்வாமைச் சிகிச்சையகங்களில் முன்கையில் துளி வைத்து ஊசிமுனையால் குத்திப் பார்க்கும் சோதனைக்கு மூதாதை இதுவே. பிளாக்லி அத்தோடு நிற்கவில்லை. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து, ஒவ்வொரு நாளும் ஒட்டிய மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணினார். தகடுகளைப் பட்டத்தில் கட்டி ஆயிரம் அடிக்கும் மேலே ஏற்றி, அங்கும் மகரந்தம் மிதப்பதைக் காட்டினார். தகட்டில் எண்ணிக்கை ஏறும்போது தன் தும்மலும் ஏறுவதையும், இறங்கும்போது இறங்குவதையும் குறித்து வைத்தார். அவர் நூலைப் பெற்ற சார்ல்ஸ் டார்வின் அவரோடு கடிதத் தொடர்பு வைத்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவர் மாரில் வைமன் இலையுதிர்காலத்துத் தும்மலால் அவதிப்பட்டார். ஒயிட் மலைகளுக்குப் போனால் அது நின்றுவிடும். நம்மூர் பார்த்தீனியத்துக்கு உறவான ராக்வீட் என்ற களைச்செடியை அவர் சந்தேகித்தார். செடியைப் பொட்டலமாகக் கட்டி மலைக்கு அனுப்பச் செய்து, அங்கே அதைப் பிரித்துத் தானும் மகனும் முகர்ந்தார்கள். நோயே இல்லாத மலையில் இருவருக்கும் நோய் வந்தது. 1872இல் அதை வெளியிட்டார். காரணத்தையும் சூழலையும் பிரித்துக் காட்ட இதைவிட எளிய சோதனை இருக்க முடியாது. ராக்வீடால் பாதிக்கப்படாத ஒருவர் அந்தப் பொட்டலத்தை எத்தனை முறை முகர்ந்திருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். இந்தத் துறையில் நோயில்லாத ஆய்வாளர், திரி இல்லாத விளக்கோடு இருட்டில் தேடுபவர்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. ஒவ்வாமை என்ற கருத்தையே உலகுக்குத் தந்தவர்கள் தங்கள் உடலில் சோதித்தவர்கள் அல்லவே? 1901இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்ற சார்ல்ஸ் ரிஷேயும் போல் போர்ட்டியேயும் கடல்சொறி வகை உயிரினங்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பிரான்சுக்குத் திரும்பி, கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து எதிர்ப்புச் சக்தி ஊட்டலாம் என்று முயன்றபோது, சில வாரங்கள் கழித்துக் கொடுத்த இரண்டாவது ஊசியில் நாய் நிமிடக்கணக்கில் செத்தது. காப்பாற்ற வேண்டிய ஆற்றலே கொன்றது. இந்தக் கண்டுபிடிப்புக்கு ரிஷே 1913இல் நோபெல் பரிசு பெற்றார். வியன்னாவில் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே, தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் ஊசி போடப்பட்ட குழந்தைகளைக் கவனித்தார். இரண்டாவது முறை ஊசி பெற்ற குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் முன்னைவிட விரைவாக வந்தன. காப்பும் கேடும் ஒரே ஆற்றலின் இரண்டு முகங்கள் என்று உணர்ந்த அவர், 'மாறிய வினை' என்று பொருள்படும் கிரேக்க வேர்களிலிருந்து 1906இல் 'அலர்ஜி' என்ற சொல்லை ஆக்கினார்.

இந்த வரலாற்றை மறைக்க வேண்டியதில்லை. கருத்து நாயிடமும் குழந்தைகளிடமும் பிறந்தது உண்மை. ஆனால் அந்தக் கருத்து ஒரு வினாவை விட்டுச் சென்றது. மாறிய வினையைச் சுமந்து திரிவது எது? இரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் என்று ஊகித்தார்கள். அக்காலத்தில் இரத்தத்தின் எதிர்ப்பொருளைக் கண்டறிய வழி, சீரத்தோடு குற்றவாளிப் பொருளைக் குழாயில் கலந்து வீழ்படிவு தோன்றுகிறதா என்று பார்ப்பது. ஒவ்வாமை உள்ளவர்களின் சீரம் குழாயில் எந்த அடையாளத்தையும் காட்டவில்லை. ஆய்வுக்கூடம் கைவிரித்த அந்த இடத்தில்தான் மறுபடியும் மனிதத் தோல் கருவியானது.

1921இல் பிரெஸ்லாவ் நகரில் நடந்த சோதனையை அருகில் சென்று பார்க்கலாம். ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஒத்துக்கொள்ளாது. சிறிது தின்றாலும் அரிப்பும் தடிப்பும் இருமலும் வாந்தியும் வரும். அவருடன் பணியாற்றிய கார்ல் பிராஸ்னிட்சுக்கு மீனால் ஒரு கெடுதியும் இல்லை, புல் மகரந்தம்தான் ஆகாது. கூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு துளியளவு எடுத்து, பிராஸ்னிட்சின் வயிற்றுத் தோலுக்குள் ஏற்றினார்கள். ஒரு நாள் கழித்து, அதே புள்ளியில் மீன்சாறு செலுத்தப்பட்டது. நிமிடங்களில் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தடித்து, சுற்றிலும் சிவந்தது. வயிற்றின் மற்ற இடங்களில் அதே மீன்சாறு எதையும் செய்யவில்லை. ஒருவருடைய ஒவ்வாமை இன்னொருவர் தோலில் ஒரு நாணய அகலத்துக்குக் குடியேறிவிட்டது. குழாயில் கண்ணுக்குத் தெரியாத பொருள் தோலில் எழுந்து நின்று சாட்சி சொன்னது. பிராஸ்னிட்சின் சீரத்தைக் கூஸ்ட்னருக்குச் செலுத்தி மகரந்தத்தால் சோதித்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு, அந்தப் பெயரறியாப் பொருளை அளக்க உலகம் நம்பியிருந்த முறை இதுவாகவே இருந்தது.

அந்தப் பொருளுக்கு முகம் கிடைத்தது 1966இல். டென்வரில் குழந்தைகள் ஆஸ்துமா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய கிமிஷிகே இஷிஸாகாவும் அவர் மனைவி டெருகோ இஷிஸாகாவும், ராக்வீட் ஒவ்வாமை உள்ளவர்களின் சீரத்தைப் படிப்படியாகப் பிரித்துச் செறிவாக்கிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வாமை ஆற்றல் எஞ்சியிருக்கிறதா, எந்தப் பிரிவில் போய்விட்டது என்பதை அறியத் தோல் வேண்டியிருந்தது. அந்தத் தோல் கிமிஷிகேயின் முதுகு. வரிசை வரிசையாக ஊசி ஏற்றி, எழும் தடிப்புகளை அளந்து, அதுவரை அறியப்பட்ட எந்த எதிர்ப்பொருள் வகையிலும் சேராத புதிய வகை ஒன்று இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் இருப்பதைக் காட்டினார்கள். அதே சமயம் சுவீடனின் உப்சலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாளி ஒருவரின் இரத்தத்தில் இதுவரை காணாத புரதம் ஒன்றைப் பிரித்திருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று தெளிந்து, 1968இல் லொசானில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டம் அதற்கு ஐஜிஇ என்று பெயரிட்டது. உப்சலாக்காரர்கள் தங்கள்மேல் ஊசி போட்டுக்கொள்ளாமலே அதைக் கண்டார்களே என்று கேட்கலாம். அவர்கள் கண்டது புரதத்தை. அது ஒவ்வாமையோடு தொடர்புடையது என்பதை 1967இல் நிலைநாட்டியது, அந்தப் புரதத்தை முன்கூட்டிச் செலுத்தினால் பிராஸ்னிட்ஸ்–கூஸ்ட்னர் தடிப்பு எழுவதில்லை என்ற சோதனை. அங்கும் தீர்ப்பு எழுதியது மனிதத் தோல்தான்.

மருந்தின் வரலாற்றிலும் இதே இழை ஓடுகிறது. சிரியாவின் அலெப்போவில் 1922இல் பிறந்த ரோஜர் அல்டூன்யன், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை விமானியாக இருந்து பின்னர் மருத்துவரானவர், ஆஸ்துமா நோயாளி. 1950களில் அவர் சேர்ந்த ஆங்கில மருந்து நிறுவனம், எகிப்தின் நாட்டு வைத்தியத்தில் புழங்கிய அம்மி விஸ்நாகா என்ற செடியின் விதையிலுள்ள பொருளைச் சார்ந்து புதுப்புதுச் சேர்மங்களை ஆக்கிக்கொண்டிருந்தது. அவை விலங்குகளில் நம்பிக்கை தரவில்லை. அல்டூன்யன் விடவில்லை. கினிப்பன்றியின் மயிரும் பொடுகும் அவருக்கு ஆகாது. அவற்றின் சாற்றை ஆவியாக்கி வேண்டுமென்றே இழுத்துத் தனக்குத்தானே இளைப்பை வரவழைத்துக்கொள்வார். சில நாள்களில் ஒரு சேர்மத்தை முதலில் இழுத்துவிட்டுப் பிறகு சாற்றை இழுப்பார். இரண்டு நாள்களின் மூச்சளவையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்வார். நூற்றுக்கணக்கான சேர்மங்கள், ஆண்டுக்கணக்கில். 1965இல் கிடைத்தது சோடியம் குரோமோகிளைகேட். வந்த இளைப்பை அடக்குவது அதன் வேலை இல்லை, வருவதற்கு முன்பே தடுப்பது. ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருக்கும் உடலில் அதைச் சோதித்திருந்தால் பயனற்றது என்று குப்பையில் போயிருக்கும். அந்தப் பொடியை உள்ளிழுக்க அவர் அமைத்த கருவியில், விமானத்தின் சுழலியைப் போல ஒரு சிறு விசிறி சுற்றும்.

இனி மிக வலுவான மறுப்புக்கு வருவோம். ஒருவரின் உடல் ஒருவரின் உடல்தான். அதில் கண்டதை ஊருக்கெல்லாம் சட்டமாக்க முடியாது. ஆர்வமே அளவுகோலை வளைத்துவிடும். உயிருக்கே ஆபத்தும் உண்டு. மூன்றும் சரி. ஆனால் இவற்றுக்கு விடையும் அதே மரபிலிருந்தே வந்தது. லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் 1911இல், மகரந்தச் சாற்றைச் சிறுசிறு அளவாக ஏற்றி உடலைப் பழக்கும் சிகிச்சையை வெளியிட்டார். மகரந்தத்தில் நஞ்சு இருக்கிறது என்ற அவர் எண்ணம் தவறு, சிகிச்சையோ இன்றுவரை நிற்கிறது. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது மருத்துவர்களின் அனுபவ நம்பிக்கையிலேயே ஓடியது. 1954இல் அதே மருத்துவமனையின் வில்லியம் ஃபிராங்க்லண்டும் ரோசா அகஸ்டினும் 200 நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மகரந்தம் கலக்காத ஊசி போட்டு ஒப்பிட்டு, சிகிச்சை பலன் தருவதை நிறுவினார்கள். ஒவ்வாமைத் துறையில் ஒப்பீட்டுச் சோதனையின் வழிகாட்டி அது. இதே ஃபிராங்க்லண்ட்தான், பூச்சிக்கடிக்கு உடல் எப்படிப் பழகுகிறது என்றறிய, தென்னமெரிக்க இரத்தம் குடிக்கும் பூச்சி ஒன்றை வாரந்தோறும் தன் கையில் கடிக்கவிட்டு, கடைசியில் உயிர் போகும் நிலைக்குச் சென்று அட்ரினலின் ஊசிகளால் மீண்டவர். இரண்டும் ஒரே மனிதருக்குள் முரண்படாமல் இருந்தன. சொந்த உடல் கேள்வியைத் தரலாம், விடை சரியா என்பதைப் பலரின் ஒப்பீடுதான் சொல்லும். உடல் வழியே எழுந்த கேள்வியை உடலோடு முடித்துக்கொண்டால் அது பாஸ்டாக்கின் வெயில் கோட்பாடாக நின்றுபோகும். கேள்வியே எழாவிட்டால் ஒப்பீட்டுக்கு என்ன பொருள் இருக்கும்? சீரம் வழியே மஞ்சள் காமாலைக் கிருமி பரவும் என்று தெரிந்தபின் பிராஸ்னிட்ஸ்–கூஸ்ட்னர் சோதனை கைவிடப்பட்டது சரியே. இன்னொருவர் அதைச் செய்ய வேண்டும் என்பது இங்கே வாதம் இல்லை.

இந்த வரலாற்றில் ஒரு குறையைச் சுட்டாமல் விட முடியாது. இதில் வரும் உடல்கள் ஏறக்குறைய எல்லாமே மருத்துவர்களின் உடல்கள். தான் அறிந்த நோயாளிகள் வசதியுள்ள வகுப்பினர், ஏழைகளிடம் இந்த நோயைக் காணவில்லை என்று பாஸ்டாக் எழுதினார். மகரந்தத்தில் புரளும் உழவர்களுக்கு இது வருவதில்லையே என்று பிளாக்லியும் வியந்தார். அதில் உண்மை உண்டு. பண்ணைகளில் வளரும் குழந்தைகளுக்கு இந்த ஒவ்வாமை குறைவு என்பதை 1990களின் இறுதியில் ஐரோப்பிய ஆய்வுகள் உறுதிசெய்தன. அதே வேளையில், தும்மலோடு புல்லறுத்த கூலியாள் ஒருவர் இருந்திருந்தால் அவர் பேச்சை எந்த மருத்துவச் சங்கம் உட்கார்ந்து கேட்டிருக்கும்? மருத்துவர்களான நோயாளிகளுக்கு இருந்த தனி வாய்ப்பு அவர்கள் அறிவு மட்டுமில்லை, அவர்கள் சொன்னது நம்பப்பட்டது. நோயாளியின் சொல்லை நம்பிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1929இல் மேயோ சிகிச்சையகத்தில், முடக்குவாதத்தால் அவதிப்பட்ட நோயாளி ஒருவர், மஞ்சள் காமாலை வந்தபோது தன் மூட்டுவலி மறைந்தது என்று ஃபிலிப் ஹென்ச்சிடம் சொன்னார். அவர் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. கர்ப்பகாலத்திலும் இதே நிவாரணம் வருவதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். உடலே ஏதோ ஒரு மருந்தைச் சுரக்கிறது என்ற அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், 1948 செப்டம்பரில் கார்ட்டிசோனை முதல் நோயாளிக்குச் செலுத்தினார். 1950இல் கெண்டல், ரைஷ்டைன் இருவரோடும் நோபெல் பரிசைப் பகிர்ந்தார். அழற்சி நோய்களின் சிகிச்சையையே புரட்டிப்போட்ட மருந்துக்கு முதல் துப்பு, ஒரு நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொன்ன சொல்.

இன்று இரத்தம் கொடுத்தால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஐஜிஇ என்று அச்சிட்ட தாள் வந்துவிடுகிறது. ஐஜிஇயைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் ஊசி மருந்து 2003 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கிறது. தோலுக்கும் மூக்குக்கும் ஓய்வு கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்தத் தாளில் வேர்க்கடலைக்கு நேரே எண் உயர்ந்திருப்பதால் மட்டும் வேர்க்கடலை ஒருவருக்கு ஆகாது என்று சொல்லிவிட முடியாது. எண் இருந்தும் ஒரு தொல்லையும் இல்லாமல் தின்பவர்கள் பலர். தாளை மட்டும் நம்பிக் குழந்தையின் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் கோதுமையையும் எடுத்துவிட்டால், குழந்தைக்கு மிஞ்சுவது பட்டினியும் பயமும்தான். ஐயம் தீராதபோது இன்றும் கடைசிச் சோதனை ஒன்றே. மருத்துவர் பக்கத்தில் நிற்க, அட்ரினலின் கையெட்டும் தூரத்தில் இருக்க, சந்தேகப்பட்ட உணவை ஒரு கடுகளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, உடல் என்ன சொல்கிறது என்று காத்திருப்பது. பிளாக்லி தன் கையைக் கீறிவிட்டுக் காத்திருந்த அதே காத்திருப்பு, இப்போது பாதுகாப்போடு. ஆகவே "எனக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்று ஒருவர் வந்து சொல்லும்போது, என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வதே மருத்துவரின் முதல் வேலை.